ஒன்பது மணி நேரத் தூக்கம்

அந்த வார்டில் சங்கீதாவுக்குக் குமட்டியது நாற்றம் இல்லை. நாற்றம் பழகிவிடும், சாமி. பினாயில், மருந்து, முப்பது குழந்தைகளின் வாந்தி, மூடி வைத்த சாம்பார் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஏறினாலும் மூன்றாம் நாள் மூக்கு அதற்கு இடம் விட்டுக் கொடுத்துவிடும். அவளுக்குப் பழகாதது கட்டிலின் கால்மாட்டில் அட்டையில் செருகித் தொங்கிய ஒரு தாள்.

தாளில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கட்டம். குழந்தை ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கியது என்பது ஒன்று. குழந்தை மனசு எப்படி இருக்கிறது என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது கட்டத்தில் ஐந்து வட்ட மூஞ்சிகள் வரிசையாக இருக்கும். முதல் மூஞ்சி பல்லெல்லாம் காட்டிச் சிரிக்கும். கடைசி மூஞ்சி அழும். விடிகாலை ஆறு மணிக்கு ராதிகா சிஸ்டர் பேனாவோடு வருவார்.

"பூவரசி அம்மா, பாப்பா தூங்குச்சா?"

"நல்லாத் தூங்குனாங்க சிஸ்டர். ஒம்பது மணி நேரம்."

"மூஞ்சி?"

சங்கீதா முதல் மூஞ்சியைத் தொட்டுக் காட்டுவாள். சிஸ்டர் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். கட்டிலில் ஏழு வயசுப் பூவரசி, ராத்திரி முழுக்க மூடாத கண்ணைத் திறந்தபடியே விட்டத்து விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். சங்கீதா வாய் கொப்பளிக்கும் இடத்துக்குப் போய்த் துப்புவாள். நாக்கில் பழைய மோர் மாதிரி ஒரு புளிப்பு இருக்கும். எத்தனை கொப்பளித்தாலும் போகாது.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சங்கீதா வாக்கப்பட்டுப் போனது கொல்லிமலையில் குண்டனி நாட்டுப் பக்கம். புருஷன் மாணிக்கம் டெம்போ ஓட்டுகிறவர். மலையில் விளைகிற அன்னாசியும் பலாவும் மிளகும் ஏற்றிக்கொண்டு கீழே சந்தைக்குப் போய் வருவார். அவர்கள் ஊட்டில் ஒரு வழக்கம். யாருக்காவது மேலுக்கு முடியாமல் போனால், விடிந்ததும் அவரைப் பற்றி முதலில் வாயில் வருவது நல்ல சொல்லாக இருக்க வேண்டும். "நல்லாத் தூங்கி எந்திரிச்சாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. தூங்கவில்லை, முடியவில்லை என்று சொன்னால் நோய்க்குக் காது கேட்கும், நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். வாய் தவறிச் சொன்னவர் அந்த இடத்திலேயே தண்ணீர் வாங்கிக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

கல்யாணமான புதுசில் சங்கீதாவுக்கு இது தெரியாது. மாமனார் இருமலில் கிடந்தார். விடியலில் பக்கத்து ஊட்டுக்காரர் கேட்டபோது, "மாமா ராத்திரி பூரா தூங்கலீங்க, ஒரே இருமல்" என்று சொல்லிவிட்டாள். கொப்பளிக்கவும் இல்லை. ஆறாம் நாள் மாமனார் போய்விட்டார். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தார்கள். அந்தப் பார்வை பத்து வருஷமாக அவள் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதனால்தான் பூவரசிக்கு ரத்தத்தில் புற்று என்று கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அவள் வாய் காலையில் நல்ல சொல்லை மட்டும் சொன்னது. ஐந்தரை மணிக்கு மாணிக்கம் போன் போடுவார். மலையில் டவர் கிடைக்கிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பேசுவார்.

"புள்ள தூங்குனாளா?"

"தூங்குனாங்க."

"அது போதும்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. அரை மணி கழித்து சிஸ்டர் வந்து அதே கேள்வியைக் கேட்பார். அதே கேள்விக்கு அதே பதில் வரும். சிஸ்டர் கேட்பது வழக்கத்துக்கு இல்லை, வைத்தியத்துக்கு என்று அவளுக்கு அப்போது பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆனால் பூவரசி தூங்கவில்லை. மருந்து ஏறிய நாலாம் நாளே தூக்கம் போய்விட்டது. முகம் உப்பி, கண் சின்னதாகி, அவள் முகத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தால், பத்து மணிக்குப் பசி எடுக்கும். புளிச்சாதம் கேட்பாள். தின்பாள். திரும்பக் கேட்பாள். இல்லை என்றால் கிள்ளுவாள். வாயெல்லாம் புண். அந்த வாயிலிருந்து வரும் வாடை சங்கீதாவுக்குக் குடலைப் புரட்டும். பெற்ற பிள்ளையின் வாய் வாடைக்கு முகம் திருப்புகிறோமே என்று அதற்கு மேல் தன் மீதே அருவருப்பு வரும்.

"அந்த லைட்ட அணைம்மா."

"அது அணைக்கக் கூடாது கண்ணு. சிஸ்டருக்கு வேணும்."

"நம்மூட்டுல இருட்டா இருக்கும்ல."

"இருக்கும்."

"மழ தகரத்துல விழும்ல."

"விழும். கண்ண மூடு."

"மூடுனா உள்ளயும் லைட் எரியுது. நீ நாறுற. தள்ளிப் போ."

இப்படி விடிகிற வரைக்கும் போகும். கத்த மாட்டாள், அழ மாட்டாள். முணுமுணுத்துக்கொண்டே நகத்தால் சுவரைச் சுரண்டுவாள். ராத்திரி டூட்டி சிஸ்டர் ஒருத்தருக்கு முப்பது கட்டில். கத்துகிற குழந்தையைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதாது. சுவரைச் சுரண்டுகிற குழந்தை அவர் காதில் விழவே இல்லை.

பக்கத்துக் கட்டில்காரர் காதில் விழுந்தது. அங்கே இருந்தவர் சேந்தமங்கலத்து ஜீனத் பீவி. புருஷனுக்குச் செருப்புக் கடை. மகன் உவைஸுக்கு எட்டு வயசு, அவனுக்கும் அதே நோய், அதே மாத்திரை. ஆனால் உவைஸ் ராத்திரி எட்டரைக்கெல்லாம் குறட்டை விடுவான். அந்தக் குறட்டை சங்கீதாவுக்கு ஆகவே ஆகவில்லை. சளி கட்டிய மூக்கில் விசில் மாதிரி வரும். ஒரு பச்சைப் பிள்ளை நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்து, அவன் மூக்கைப் பொத்தினால் என்ன என்று நினைத்தாள். நினைத்த கையோடு எழுந்து போய்த் துப்பினாள். அந்த வார்டில் அவள் துப்பிய துப்புக்குக் கணக்கில்லை.

பகலில் பூவரசி பேய் மாதிரி ஆனாள். தட்டை எறிந்தாள். ஊசி போட வந்தவர் கையைக் கடித்தாள். பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை, கையில் மருந்து இறங்கிக்கொண்டிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்தாள். போர்வையெல்லாம் ரத்தம். ராதிகா சிஸ்டர் ஓடி வந்து பஞ்சை அழுத்தினார். பிறகு தாளை எடுத்துப் பார்த்தார்.

"தூக்கம் நல்லா இருக்கு. மூஞ்சியெல்லாம் சிரிப்பா இருக்கு. அப்புறம் என்னம்மா இது. கொழுப்புதானே?"

சங்கீதா போர்வையில் இருந்த ரத்தத்தை முந்தானையால் ஒற்றினாள்.

"இன்னொரு தடவ பிடுங்குனா நரம்பு கிடைக்காது. மருந்து இறங்கியே ஆகணும். கைய லேசா கட்டி வெக்கிறேன். நீங்க அழுவாதீங்க."

வெள்ளைத் துணிப்பட்டையால் பூவரசியின் இடது கையைக் கட்டிலின் கம்பியோடு கட்டினார். இறுக்கிக் கட்டவில்லை. ஒரு விரல் நுழையும். சிஸ்டர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அவர் தாளை நம்பினார். பூவரசி கட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சங்கீதாவுக்கு மலையில் சந்தைக்கு ஏற்றும் ஆட்டுக் குட்டிகள் ஞாபகம் வந்தன. டெம்போவின் கம்பியில் அவற்றையும் இப்படித்தான் கட்டுவார்கள். ஒரு விரல் நுழையும்.

"பெரிய டாக்டரம்மா திங்கக்கிழம வருவாங்க" என்றார் சிஸ்டர். "இப்படியே இருந்தா கட்டோடவே வெக்கலாமா, இல்ல அடங்குறதுக்கு வேற மருந்து ஏதாவது சேக்கணுமான்னு கேக்கணும்."

சாயங்காலம் ஜீனத் பீவி ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து சங்கீதா பக்கத்தில் வைத்தார்.

"குடி கண்ணு."

"வேண்டாங்க்கா."

"அது சரி. ஒம்பது மணி நேரம் தூங்கற புள்ளைய வெச்சிருக்கற, உனக்கு எதுக்கு டீ?"

சங்கீதா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னப் பாக்கற? ராத்திரி பூரா உன் புள்ள சுவத்தச் சொரண்டுது. நீ குசுகுசுன்னு பேசற. காலைல சிஸ்டர்கிட்ட ஒம்பது மணி நேரங்கற. அப்ப நான் கேட்டதெல்லாம் கனவா? எனக்குத்தான் பைத்தியம் புடிச்சிருக்குதா?"

"எங்கூட்டு வழக்கங்க்கா" என்று சங்கீதா விஷயத்தைச் சொன்னாள். மாமனார் கதையையும் சொன்னாள். ஜீனத் பீவி முழுசாகக் கேட்டார். சிரிக்கவில்லை.

"உவைஸும் இப்படித்தான் கெடந்தான். வந்த புதுசுல ஆறு ராத்திரி தூங்கல, பெத்த அத்தா கன்னத்துலயே ஒண்ணு வெச்சான். நான் காலைல சிஸ்டர்கிட்ட ஒப்பாரி வெச்சேன். டாக்டரம்மா வந்து, இந்த மாத்திரையே தூக்கத்தக் கெடுக்கும்னு சொல்லி, ராத்திரி வேளைய சாயங்காலம் நாலு மணிக்கு மாத்திட்டாங்க. அப்புறந்தான் தூங்குனான்."

"நாலு மணிக்கா?"

"ஆமா. உன் புள்ளைக்கு இன்னும் ஒம்பது மணிக்குத்தானே குடுக்கறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், தாளு சிரிக்குதே."

டீயில் ஆடை படிந்துவிட்டது. சங்கீதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம். இப்போதே போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் வாய் திறந்து, "என் புள்ள தூங்கல" என்று சொல்ல நினைத்த உடனே மாமனாரின் ஆறாம் நாள் வந்து முன்னால் நின்றது. இது ரத்தப் புற்று, சாமி. இருமல் இல்லை. அவள் எழவில்லை. வியாழக்கிழமை காலையிலும் ஒன்பது மணி நேரம் என்றாள். ஜீனத் பீவி அந்தப் பக்கம் திரும்பி, தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். எந்தச் சங்கம் என்று யாருக்கும் தெரியாது. மாதம் ஒரு தடவை வருவார்களாம். பலூன், கேக், எல்லோருக்கும் ஒரே மாதிரி பனியன். தலைவர் மாதிரி இருந்தவர் வாய்க்கு மாஸ்க் கட்டிக்கொண்டு, அதற்கு மேலும் மணக்கிற சென்ட் அடித்திருந்தார். கால்மாட்டுத் தாள்களையெல்லாம் ஒரு பெண் பார்த்துக்கொண்டே வந்து சிரிக்கிற மூஞ்சிகளை எண்ணினாள். எந்தக் குழந்தைக்கு அதிகமோ அதற்குத் தங்க நிறக் காகிதத்தில் செய்த கிரீடம்.

"பூவரசி" என்று படித்தாள். "பதினாலுக்குப் பதினாலு."

எல்லோரும் கை தட்டினார்கள். ஜீனத் பீவி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "யா அல்லா, கட்டிப் போட்ட புள்ளைக்குக் கிரீடம்" என்று சொன்னது சங்கீதாவுக்குக் கேட்டது.

தலைவர் கட்டைப் பார்த்தார். "இது போட்டோல தெரியும். கொஞ்ச நேரம் அவுத்து விடலாமா?" என்றார். ராதிகா சிஸ்டர் தயங்கி அவிழ்த்துவிட்டார். பூவரசியின் மணிக்கட்டில் பட்டை படிந்த தடம் வெள்ளையாக இருந்தது. முடி போன தலையில் கிரீடத்தை வைத்தார்கள். அது காதில் வந்து நின்றது. தலைவர் கேக்கை அவள் வாய்க்குக் கொண்டுபோனார். பிள்ளை வாயில் புண் இருப்பது அவருக்குத் தெரியாது. க்ரீம் உதட்டில் பட்டதும் பூவரசி ஓங்கரித்தாள். வெளியே ஒன்றும் வரவில்லை, நூல் மாதிரி எச்சில்தான் தொங்கியது.

"சிரி பாப்பா. நீதானே இந்த வார்டுலயே சந்தோஷமான பொண்ணு. ஒம்பது மணி நேரம் தூங்கறவ."

பூவரசி அவரைப் பார்த்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாக, கடையில் விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நான் தூங்கறதே இல்ல. எங்கம்மா பொய் சொல்லுது."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது பாப்பா" என்றார் தலைவர், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே. "நல்லதத்தான் சொல்லணும். எங்க, சிரி."

நல்லதத்தான் சொல்லணும். அந்த இரண்டு வார்த்தையும் சங்கீதாவின் சொந்த வார்த்தைகள். பத்து வருஷமாக அவள் வாயில் அடக்கி வைத்திருந்தவை. சென்ட் மணக்கிற வாயிலிருந்து, க்ரீம் ஒட்டிய விரலோடு, போனுக்குப் பின்னாலிருந்து வந்தபோது அவளுக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாளாக நாறியது எது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கிரீடத்தை எடுத்தாள். மடித்து, வாந்திக்கு வைத்திருந்த தட்டில் போட்டாள். பிள்ளையின் உதட்டை முந்தானையால் துடைத்தாள்.

"சிஸ்டர், டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க. திங்கக்கிழம வரைக்கும் காத்திருக்க முடியாதுங்க."

"என்னம்மா ஆச்சு?"

"என் புள்ள தூங்கலீங்க. பத்து நாளு. ஒரு நா ராத்திரி ஒரு மணி நேரம், ஒரு நாளைக்கு அதுவும் இல்ல. தாள்ல இருக்கறது பூரா பொய்யிங்க. நாந்தான் சொன்னேன்."

தலைவர் போனைக் கீழே இறக்கினார். ராதிகா சிஸ்டரின் முகம் சிவந்தது. தாளைப் பிடுங்கி ஒரு தடவை பார்த்தார்.

"பதினாலு நாளா என்கிட்ட பொய் சொன்னீங்களா? நான் இத நம்பித்தானே கையக் கட்டுனேன்." கட்டில் கம்பியில் தொங்கிய பட்டையைப் பார்த்தார். "நான் கட்டுனேன்ல."

"ஆமாங்க. என் மேலதான் தப்பு."

டாக்டரம்மா அன்று சாயங்காலமே வந்தார். நிறையத் திட்டுவார் என்று சங்கீதா நினைத்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து பூவரசியின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குப் பசி, எப்போதெல்லாம் கடித்தாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"பெரியவங்களுக்கே பத்து நாள் தூக்கம் இல்லேன்னா கடிப்பாங்கம்மா. கொழுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ராத்திரி மாத்திரைய நாலு மணிக்குக் குடுங்க. இந்தக் கட்டில இருட்டான மூலைக்குத் தள்ளுங்க. விடிகாலை எடை பாக்கறத எட்டு மணிக்கு வெச்சுக்கலாம். இனிமே நெஜத்த மட்டும் சொல்லுங்க. கெட்டதா இருந்தாத்தான் எனக்கு வேல."

முதல் ராத்திரி பூவரசி தூங்கவில்லை. சங்கீதா பயந்து போனாள், வாய் கொப்பளிக்கப் போகலாமா என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். இரண்டாம் ராத்திரியும் பிள்ளை சுவரைச் சுரண்டினாள். மூன்றாம் ராத்திரி பத்து மணிக்குப் பேச்சு நடுவில் நின்றுபோனது. "மழ தகரத்துல" என்றவள் மீதியைச் சொல்லவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. சங்கீதா மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தாள். சூடான, கெட்டுப்போன வாடையுள்ள மூச்சு விரலில் பட்டது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

காலையில் சிஸ்டர் வந்தார்.

"அஞ்சு மணி நேரங்க. நடுவுல ஒருக்கா எந்திரிச்சா. மூஞ்சி இதுங்க" என்று நாலாவது மூஞ்சியைக் காட்டினாள்.

"இன்னிக்குத்தான் தூங்கிட்டாளே. சிரிப்பு போடலாம்ல?"

"வேண்டாங்க. எந்திரிச்சதும் என்ன ஒதைச்சா."

ராதிகா சிஸ்டர் நாலாவது மூஞ்சியைச் சுற்றி வட்டம் போட்டார். அந்தப் பட்டையை அதற்குப் பிறகு யாரும் கட்டவில்லை.

மாணிக்கத்திடம் மட்டும் அவள் இன்னும் சொல்லவில்லை. ஐந்தரை மணிப் போனில் "தூங்குனாங்க" என்பாள். இப்போது அது பாதி நிஜம். மீதிப் பாதி நாக்கில் புளித்தது.

மூன்று வாரம் கழித்து, முதல் சுற்று மருந்து முடிந்து, பத்து நாள் ஊட்டுக்குப் போகலாம் என்றார்கள். கூட்டத்தில் போகக் கூடாது, பஸ் வேண்டாம் என்றார்கள். மாணிக்கம் சந்தையில் சுமையை இறக்கிவிட்டு டெம்போவோடு வந்தார். பின்னால் அழுகின பலாச்சுளையின் சாறு வழிந்து காய்ந்து, ஈ மொய்த்தது. முன்னால் மூவரும் உட்கார்ந்தார்கள். மலை வளைவுகள் எழுபதும் பூவரசிக்கு ஆகாது, எப்போதும் இருபதாவது வளைவில் வாந்தி எடுப்பாள். சங்கீதா மடியில் பாலிதீன் பையை விரித்து வைத்திருந்தாள். முதல் வளைவிலேயே பிள்ளை அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

"ஆஸ்பத்திரில தூங்குன மாதிரியே தூங்கறா" என்றார் மாணிக்கம், சந்தோஷமாக.

"ஏனுங்க."

"ம்."

"அங்க அவ தூங்கலீங்க. பத்து நாளு ஒரு பொட்டுக் கண்ண மூடல. கையக் கட்டிப் போட்டாங்க. நான் உங்ககிட்டயும் பொய் சொன்னேன், டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன். அதனாலதான் கட்டுனாங்க."

வண்டி நாலு வளைவு ஏறியது. ஐந்தாவது வளைவில், பாறையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற இடத்தில் மாணிக்கம் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய் ஒரு பாட்டில் நிறையப் பிடித்து வந்து அவள் பக்கக் கதவைத் திறந்து நீட்டினார்.

"கொப்பளிச்சுத் துப்பீரு, புள்ள. மலையேறுற நேரத்துல இந்தப் பேச்சு பேசாத."

"மாட்டேங்க."

"எங்கப்பன்..."

"உங்கப்பாவ எனக்கு நெனப்பு இருக்குதுங்க. மாமா இருமல்ல போனாரு. என் வாயால இல்ல." அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் குனிஞ்சு துப்புனா இவ எந்திரிச்சுக்குவா. இவ தூங்கறது முக்கியமா, நான் துப்பறது முக்கியமா, நீங்களே சொல்லுங்க."

மாணிக்கம் பிள்ளையைப் பார்த்தார். பூவரசியின் திறந்த வாயிலிருந்து எச்சில் வழிந்து சங்கீதாவின் ரவிக்கைத் தோளில் இறங்கியிருந்தது. புளித்த வாடை. சங்கீதா முகத்தைத் திருப்பவில்லை, துடைக்கவும் இல்லை. அவர் பிள்ளையின் மணிக்கட்டைத் தேடினார். கட்டின தடம் போய்விட்டது. ஆனாலும் அந்த இடத்தைக் கட்டை விரலால் ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

பாட்டிலைத் தானே வாயில் வைத்துப் பாதி குடித்தார். மீதியைக் கண்ணாடியில் ஊற்றிப் புழுதியைக் கழுவினார். பிறகு அந்தப் பழைய டெம்போவின் கதவை, எப்போதும் போல் அறைந்து சாத்தாமல், இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி, சத்தமே வராமல் மூடினார்.